நாற்பத்தெட்டு இலக்கச் சாவி

கும்மிடிப்பூண்டி பஜாரில் என் கடைக்கு லாப்டாப் வாங்க வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மெயில் ஐடி இருக்காது. இருந்தாலும் பாஸ்வேர்ட் ஞாபகம் இருக்காது. "அது என் மச்சான் போட்டுக் குட்தான், அவன் இப்போ துபாய்ல கீறான்" என்பார்கள். புது லாப்டாப்போ மெயில் ஐடி இல்லாமல் ஓரடி நகராது. அதனால் நானே ஒன்றைப் போட்டுவிடுவேன். கடைப் பெயர், அதன் பின்னால் வாய்க்கு வந்த ஒரு நம்பர். எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்ட். ஓடிபி வருவதற்குக் கடை போன். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அப்படி ஒரு மெயில் இருப்பதே வாங்கியவருக்குத் தெரியாது, எனக்கும் மறுநாள் ஞாபகம் இருக்காது. இந்தப் பக்கத்துக் கடைக்காரர்கள் பலரும் இப்படித்தான் செய்கிறோம். தப்பு என்று யாரும் சொன்னதில்லை, நானும் நினைத்ததில்லை.

அந்த அண்ணனுக்கும் அப்படித்தான் போட்டுக் கொடுத்தேன். சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் ஒரு மில்லில் அவர் கான்ட்ராக்ட் ஆள். நாற்பத்தைந்து வயது இருக்கும். வந்ததும் வராததுமாகக் கேட்டார்: "கைரேகை வெச்சா தொறக்குமாமே, அந்த மாதிரி ஒண்ணு குடு தம்பி. பாஸ்வேர்டெல்லாம் எனக்கு மண்டைல நிக்காது."

ஒன்றை எடுத்து வைத்து, வலது கைக் கட்டைவிரலை வைக்கச் சொன்னேன். படிக்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தார், அப்போதும் படிக்கவில்லை. ஆள்காட்டி விரல், நடுவிரல் என்று ஒவ்வொன்றாகப் போனோம். எதுவும் இல்லை. எனக்கு வாய் சும்மா இருக்காது. "இன்னாண்ணா, ரேகைய எல்லாம் மில்லுலயே உட்டுட்டு வந்துட்டீங்களா?" என்றேன்.

அவர் சிரித்தார். "இருவது வருசமா சூட்டுக் கம்பிய இடுக்கியால புடிச்சினு கீறேன். ரேகை எங்க, தோலே பாதிதான் மிச்சம்."

கடைசியில் இடது கைச் சுண்டுவிரல்தான் கைகொடுத்தது. நாலு தடவை வைத்த பிறகு பச்சை டிக் விழுந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் ஏதோ கிரிக்கெட்டில் ஜெயித்த மாதிரி சந்தோஷம். மாற்று ஏற்பாடாக ஒரு பின் நம்பரும் போடச் சொல்லி லாப்டாப் கேட்டது. அவர் ஏதோ சொன்னார், போட்டேன். "இது சும்மாண்ணா, தேவையே படாது. விரலை யாரும் வீட்ல மறந்து வெச்சிட்டு வரப் போறதில்ல" என்று சொல்லி அனுப்பினேன். எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் போட்ட மெயிலையாவது பில்லின் பின்னால் எழுதிக் கொடுத்திருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை.

எதற்காக வாங்கினார் என்பதையும் அன்றைக்கே சொன்னார். மில்லில் கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அட்டைகூடக் கிடையாது. தினமும் கேட்டில் இருக்கும் மெஷின் ஒரு துண்டுச் சீட்டைத் துப்பும். தேதி, பெயர், உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம். இந்த ஆள் இங்கே வேலை செய்கிறான் என்பதற்கு அது ஒன்றுதான் அத்தாட்சி. ஆனால் அது ஏடிஎம் சீட்டு மாதிரியான காகிதம், சில மாதங்களில் வெளுத்து வெறும் தாளாகிவிடும். அதனால் அவரோடு வேலை செய்கிற முப்பத்திரண்டு பேரும் சனிக்கிழமை தோறும் சீட்டுகளை அவரிடம் கொடுத்துவிடுவார்கள். அவர் ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து வைப்பார். போன் நிரம்பிவிட்டது, படங்களை மாற்றிவிட்டுப் போனில் அழிப்பதற்குத்தான் லாப்டாப். இப்படிச் சில வருடங்களுக்குச் சேர்த்துவிட்டால், இடைவெளி இல்லாமல் இத்தனை நாள் வேலை பார்த்திருக்கிறோம், எங்களைப் பெர்மனென்ட் ஆக்குங்கள் என்று லேபர் ஆபீசில் மனுப் போடலாம் என்று அவர்களுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

"ஏன் உங்ககிட்ட குடுக்கிறாங்க?" என்று கேட்டேன்.

"குடிக்க மாட்டேன், கோள் மூட்ட மாட்டேன். வேற இன்னா?" என்றார்.

ஆளுக்கு ஒரு ஃபோல்டர் போடுவது எப்படி என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். "பென் டிரைவ்லயும் ஒண்ணு வெச்சிக்கணுமா தம்பி?" என்று கேட்டார். இதை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. புத்திசாலித்தனமான கேள்வி, பத்தாவது படித்தவர் கேட்டார். எல்லாம் தெரிந்த நான் சொன்ன பதில் இது: "எதுக்குண்ணா? கைரேகைப் பூட்டு இருக்கு. உங்களைத் தவிர எமனே வந்தாலும் தொறக்க முடியாது."

மூன்று வருடம் கழித்து ஒரு ஜூன் மாதம் வந்தார். காலேஜ் திறக்கும் நேரம், கடையில் நிற்க இடமில்லை. சுண்டுவிரலும் இப்போது படிக்கவில்லை, பின் நம்பரோ மறந்துவிட்டது, என்னென்னவோ போட்டுப் பார்த்ததில் லாப்டாப் கோபித்துக்கொண்டு பிறகு வா என்கிறது என்றார். அடுத்த வாரம் லேபர் ஆபீசில் கொடுக்க வேண்டுமாம், எல்லாவற்றையும் பிரிண்ட் எடுக்க வேண்டுமாம். "உட்டுட்டுப் போங்கண்ணா, சாயங்காலம் வாங்க" என்றேன்.

அவர் போன பிறகு அதை எடுத்தேன். ஒரு கையில் வேறொருவரின் பில், தோளில் இடுக்கிய போனில் இன்னொருவர். லாப்டாப்பின் உள் செட்டிங்கிற்குப் போனேன். செக்யூரிட்டி சிப்பை கிளியர் செய்யவா என்று ஒரு வரி இருந்தது. அந்தச் சிப் மதர்போர்டில் இருக்கும் ஒரு சின்னப் பொருள். பழைய கைரேகைகள் அதில்தான் இருக்கின்றன, கிளியர் செய்தால் பூட்டு போய்விடும், புதிதாக விரலை வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, நானாக நினைத்துக்கொண்டேன். சிவப்பு எழுத்தில் நாலு வரி இங்கிலீஷ் வந்தது. நான் படிக்கவில்லை. அந்த மாதிரி எழுத்தை நான் என்றைக்குமே படித்ததில்லை. ஒய் என்ற எழுத்தைத் தட்டினேன்.

லாப்டாப் திரும்ப ஆன் ஆகி, நீலத் திரையில் நாற்பத்தெட்டு இலக்க எண் ஒன்றைக் கேட்டது.

 போனை வைத்துவிட்டு நெட்டில் தேடிப் படித்தபோதுதான் எனக்கே புரிந்தது. புது லாப்டாப்களில் டிஸ்க்கில் இருப்பதெல்லாம் தானாகவே பூட்டப்பட்டுவிடும். அந்தப் பூட்டின் சாவியைத்தான் சிப் வைத்திருக்கும். சிப்பைக் கிளியர் செய்தால் சாவி போயிற்று. மாற்றுச் சாவிதான் அந்த நாற்பத்தெட்டு இலக்கம். அது முதல் நாள் போட்ட மெயிலில் பத்திரமாக இருக்கும். அதாவது, ஐந்து நிமிடத்தில் நான் போட்ட மெயிலில்.

அது எந்த மெயில்? கடைப் பெயருக்குப் பின்னால் என்ன நம்பர்? அன்றைக்குக் கடையை மதியமே சாத்திவிட்டு உட்கார்ந்தேன். ஒன்று, இரண்டு, பதினொன்று, நூற்றொன்று என்று வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். பல மெயில்கள் நெடுநாள் யாரும் திறக்காததால் மூடப்பட்டிருந்தன. உயிரோடு இருந்த இரண்டு மெயில்கள் ஓடிபியைக் கடையின் பழைய நம்பருக்கு அனுப்பின. நான் ரீசார்ஜ் செய்யாமல் விட்டு, வேறு யாருக்கோ போய்விட்ட நம்பர். அதைக் கூப்பிட்டால் ஒரு அம்மா, "எவரு காவாலண்டி?" என்று யார் வேண்டுமெனத் தெலுங்கில் கேட்டார். எனக்குத் தெரிந்த தெலுங்கில் கெஞ்சிக் கூத்தாடி இரண்டு ஓடிபியையும் வாங்கினேன். இரண்டும் வேறு யாருடைய லாப்டாப்களோ.

சாயங்காலம் அவர் வந்தார். நாளைக்கு வாங்க என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். மூன்றாம் நாள் மழை, கடையில் யாரும் இல்லை. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. நான் சொன்னது வேறு.

"டிஸ்க் போச்சுண்ணா. நீங்க தப்புத் தப்பா விரலை வெச்சு வெச்சு, தப்பு நம்பரா அடிச்சு அடிச்சு, அதுல லாக் ஆகி டிஸ்க்கே அடி வாங்கிடுச்சு."

அவர் தன் விரல்களைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அப்போ நான்தான் கெட்த்துட்டனா தம்பி?" என்றார்.

ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. "இப்போ ஒண்ணும் பண்ண முடியாதுண்ணா" என்றேன். அவர் எனக்காக எதிர்க் கடையிலிருந்து டீ சொன்னார். உனக்கு மூணு நாளா என்னால பேஜாரு என்றார். அந்த டீயைக் குடித்தேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு லெட்டர் கேட்டு வந்தார். கூட இருப்பவர்கள் நம்ப மாட்டேன் என்கிறார்கள், டிஸ்க் கெட்டுவிட்டது என்று கடை லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்தால் நல்லது என்றார். எழுதினேன். 'பரிசோதித்ததில் டிஸ்க் தானாகப் பழுதடைந்துள்ளது' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்தேன். 'தானாக' என்ற வார்த்தையை அவருக்காகத்தான் சேர்த்தேன், அவர் மேல் பழி வராமல் இருக்கட்டும் என்று. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை எழுதும்போது ஒரு பெரிய உதவி செய்கிற நினைப்புகூட இருந்தது எனக்கு.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் அந்த முப்பத்திரண்டு பேரில் ஒருவர், கிரேன் ஓட்டுகிறவர், எல்லாவற்றையும் முன்னால் நின்று பேசுகிறவர், அவ்வளவு சுலபத்தில் விடுகிற ஆள் இல்லை. அண்ணனிடமிருந்து லாப்டாப்பை வாங்கிக்கொண்டு ரயிலேறி, கம்ப்யூட்டர் ரிப்பேருக்குப் பேர்போன சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்விட்டார். அங்கே பார்த்தவர்கள் டிஸ்க்கைத் தனியாகக் கழற்றிச் சோதித்து, உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார்கள். நேராக என் கடைக்கு வந்து கல்லா மேல் லாப்டாப்பை வைத்தார்.

"டிஸ்க்குல ஒரு கீறல் இல்லியாம். எல்லாம் உள்ளயே பத்திரமா கீதாம். பூட்டு போட்டு கீதாம். சாவி நம்பர் மட்டும் இருந்தா அஞ்சு நிமிசத்துல வந்துடுமாம். நீ இன்னா கெட்டுப் போச்சுன்னு எழுதிக் குட்துகீற?"

 கிரேன்காரரே மேலே பேசினார். அந்த அண்ணனுக்கு அந்த மாதம்தான் சூட்டு லைனிலிருந்து எடை மேடைக்கு மாற்றல் கிடைத்திருக்கிறது. நிழலில் நின்று சீட்டு எழுதும் வேலை. கேட்டவர்கள் எத்தனையோ பேர் இருக்க, இவருக்கு மட்டும் ஏன்? கான்ட்ராக்டர் எதைக் கொடுத்து எதை வாங்கினான்? கிரேன்காரர் குரலை இறக்கிக் கேட்டார்:

"உண்மைய சொல்லு. அந்த லெட்டர எங்க ஆளுதான் எழுதச் சொன்னானா?"

என் முன்னால் இரண்டு வழி இருந்தது. சிப்பை நான்தான் கிளியர் செய்தேன், பொய் லெட்டர் என்னுடையது என்று சொல்லியிருந்தால், முப்பத்திரண்டு பேர் என் கடை வாசலில் நின்றிருப்பார்கள். பஜார் முழுக்கப் பேச்சாகியிருக்கும். நான் சொன்னது இதுதான்:

"அவர் கேட்டாரு, எழுதிக் குடுத்தேன்."

ஒவ்வொரு வார்த்தையும் நிஜம். அதைவிடப் பெரிய அயோக்கியத்தனம் என் வாழ்க்கையில் நான் செய்ததில்லை. கிரேன்காரர் தலையை ஆட்டிக்கொண்டு லாப்டாப்பை எடுத்துப் போனார். ஒரு ஆளின் இருபது வருடப் பேரை நாலு வார்த்தையில் வாங்கிக்கொண்டு போனார்.

என் கடைக்கு எதிரில்தான் டீக்கடை. இரண்டு மணி ஷிப்ட் விட்டதும் அந்த மில் ஆட்கள் மொத்தமும் அங்கே நிற்பார்கள். முன்பெல்லாம் அந்த அண்ணன் நடுவில் நிற்பார். அவரைச் சுற்றித்தான் சிரிப்புச் சத்தம் இருக்கும். அந்த வாரத்துக்குப் பிறகு அவர் டீக்கடைப் பக்கம் வரவில்லை. ரோட்டின் என் கடைப் பக்கமாகவே நடந்து, தலையைக் குனிந்துகொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுவார். ஒருநாள் எதிர்ப்பக்கத்திலிருந்து யாரோ சத்தமாகக் காறித் துப்பினார்கள். அவர் நடையை வேகமாக்கினார், அவ்வளவுதான். நான் கடைக்குள் குனிந்து ஏதோ ஸ்க்ரூவைத் தேடுவது போல இருந்தேன். தினமும் அந்த நேரத்துக்கு எனக்கு ஏதாவது ஒரு ஸ்க்ரூ தொலைந்துபோகும்.

சீட்டுகள் இல்லாமலே அவர்கள் மனுப் போட்டதாகக் கேள்விப்பட்டேன். அத்தாட்சி கொண்டு வாருங்கள் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். லாப்டாப்பை மில் ஆட்கள் அந்த அண்ணன் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்களாம்.

எட்டு மாதம் இப்படிப் போனது. அதற்குப் பிறகு ஒருநாள் அவரே கடைக்கு வந்தார், அந்த லாப்டாப்போடு. கன்னம் ஒட்டிப் போயிருந்தது. "பொண்ணு காலேஜுக்கு ஒண்ணு கேக்குது தம்பி. புதுசு வாங்க முடியாது. இதுல கீறதெல்லாம் அழிச்சிட்டுப் புதுசா போட்டுக் குடுத்துடு. எப்படியும் யாருக்கும் ஆவாதது" என்றார். என்னிடம் ஏன் வந்தார் என்று கேட்கத் தோன்றியது. வேறு கடைக்குப் போயிருக்கலாமே. அவரைப் பொறுத்தவரை நான் நல்லவன், அவருக்காக லெட்டர் எழுதிக் கொடுத்தவன்.

அவர் போன பிறகு அழிப்பதற்கான பென் டிரைவைச் செருகினேன். எல்லாவற்றையும் அழிக்கட்டுமா என்று கேட்டது. இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். சாவி கிடைக்கவே போவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் முப்பத்திமூன்று பேரின் மூன்று வருடம் ஒரு நாள் விடாமல் அந்தத் தகட்டுக்குள் முழுசாக இருந்தது. தட்ட முடியவில்லை. அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. வெட்கம்தான் அதிகம், அழுகை கொஞ்சம்.

மில்லில் அவருக்குச் செவ்வாய்க்கிழமை வார லீவு. அந்தச் செவ்வாய் கடையைத் திறக்காமல் லாப்டாப்பை எடுத்துக்கொண்டு சிப்காட்டுக்குப் பின்னால் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். சிமென்ட் ஷீட் போட்ட ஒற்றை அறை. அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி கதவோரம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு உட்கார ஸ்டூல் போட்டது அண்ணன்தான், மனைவி நிமிர்ந்து பார்க்கவில்லை. "டீ போடேன்" என்று அண்ணன் சொன்னதுகூடக் காதில் விழாதது போல இருந்தார்.

சொன்னேன். மெயிலில் தொடங்கி, சிப், ஒய் எழுத்து, மழை நாள், லெட்டர், கிரேன்காரருக்குச் சொன்ன பதில் என்று எதையும் விடவில்லை. "நீங்க விரல் வெச்சதால ஒண்ணும் ஆகலண்ணா. எத்தனை தடவை தப்பா வெச்சாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது. நான்தான் பண்ணேன்" என்றேன்.

முறம் நின்றுவிட்டது. அந்த அம்மா எழுந்து வந்தார்.

"எட்டு மாசமா நான் இந்த மனுசன்கிட்ட பேசலப்பா. சோறு வெப்பேன், தட்ட தள்ளுவேன். எடை மேடைக்கு மாத்தினதும் நானே கேட்டேன், எவ்ளோ டப்பு வாங்கின நீன்னு. என் அண்ணனும் அந்த முப்பத்திரண்டு பேர்ல ஒருத்தன். அவன் எங்க ஊட்டு வாசப்படி மிதிக்கல. எங்க அம்மா ஊட்ல நல்லது கெட்டதுக்கு எங்கள கூப்புடல." மூச்சு வாங்கியது. "உனக்கு ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த அன்னிக்கே சொல்லியிருந்தா இன்னாப்பா கொறஞ்சி போயிருப்ப?"

 "தப்புத்தாங்க்கா" என்றேன். அந்த வார்த்தை எதற்கும் போதவில்லை.

"எங்கிட்ட சொல்லாத. ரெண்டு மணிக்கு ஷிப்ட் உடுவானுங்க. எல்லாரும் டீக்கடைல நிப்பானுங்க. இப்பவே போய் அங்க சொல்லு."

"போறேங்க்கா" என்று எழுந்தேன். அந்த அம்மா புருஷன் பக்கம் திரும்பினார். குரல் அப்படியே இறங்கிவிட்டது.

"நான் அத்தினி வாட்டி கேட்டனே. திட்டினேன், சாபம் உட்டேன். எம்மேல ஒண்ணும் தப்பில்லன்னு நீ ஒரு தபா எதுத்து சொல்லியிருக்கக் கூடாதா?"

அவர் இரண்டு கைகளையும் மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை, மனைவியைத்தான் பார்த்தார்.

"டப்பு வாங்கலன்னு எனக்குத் தெரியும். ஆனா கெட்த்தது நான்தான்னு இத்தினி நாளா நெனச்சினு இருந்தேன். அத்தினி பேரு பொழப்ப கெட்த்துட்டு, எந்த வாயால நான் எதுத்துப் பேசறது?"